அரபிக்குக் காலில் கோடு போட்ட கதை

"எனக்குத் தெரியாது" என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்தே நான் ஐம்பது வயது வரை வந்துவிட்டேன். வழி தெரியாத ஊரில் வழி கேட்கமாட்டேன். பேருந்து எங்கே போகிறது என்று நடத்துநரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, தேனிக்குப் போகவேண்டியவன் கடமலைக்குண்டில் போய் இறங்கி, அங்கே ஏதோ வேலை இருப்பதுபோல் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். (டீ நன்றாகத்தான் இருந்தது.) இதனால் எனக்கு மட்டும் நட்டம் என்றால் சொல்ல வந்திருக்கமாட்டேன். ஒருமுறை என் மச்சினனின் பிழைப்பையே அந்த அரை நிமிடத்தில் வைத்துச் சூதாடிவிட்டேன்.

சின்னமனூரில் எனக்கு ஒரு சின்னக் கடை. பிளக்ஸ் பேனர் வடிவமைத்துக் கொடுப்பது தொழில். காதுகுத்து, பூப்பு நீராட்டு, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் படத்தையும் பேரையும் கொண்டுவந்து தருவார்கள். நான் கம்ப்யூட்டரில் அடுக்கித் தேனிக்கு அனுப்புவேன். அங்கே பெரிய மெஷினில் அடித்து வரும். படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு சுவரிலும் வண்டியிலும் எழுத்து எழுதும் வேலைக்குப் போய்விட்டேன். எழுத்து என்பது எனக்குப் படம்தான். ஆம்புலன்ஸ் வண்டிகளுக்கு முன்பக்கம் எழுத்தைத் திருப்பி எழுதுவார்கள் பாருங்கள், முன்னால் போகிற டிரைவர் கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரிவதற்காக. அதை நான் அளவுகோல் இல்லாமல் எழுதுவேன். என் வாழ்க்கையில் பெருமைப்பட இருந்த ஒரே விஷயம் அது. அதுவே என்னைக் கவிழ்த்தது.

கம்ப்யூட்டருக்கு வந்த பிறகும் நான் எழுத்தைப் படமாகத்தான் பார்த்தேன். என்னிடம் இருப்பது ரொம்பப் பழைய சாப்ட்வேர். அதில் தமிழ் அடிப்பது தனிக் கலை. 'கொ' வேண்டும் என்றால் முதலில் கொம்பை அடிக்க வேண்டும், அப்புறம் 'க', அப்புறம் கால். கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அந்த வரிசை. ஆனால் வாட்ஸ்அப்பில் வருகிற தமிழை அப்படியே எடுத்துப் போட்டால் அந்த சாப்ட்வேருக்குப் புரியாது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பக்கத்தில் புள்ளிப் புள்ளியாக ஒரு வட்டம், பிச்சைப் பாத்திரம் மாதிரி. சில சமயம் எல்லாமே கட்டம் கட்டமாக வரும். நான் கோபப்பட மாட்டேன். ஒவ்வொரு எழுத்தாக வெட்டி, நகர்த்தி, உரிய இடத்தில் வைப்பேன். இப்படிப் பத்து வருடமாகத் தமிழுக்குக் கொம்பு பொருத்திக் கொடுத்தவன் என்பதால், உலகத்தில் எந்த பாஷை உடைந்து வந்தாலும் ஒட்டவைத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு.

அந்த நேரத்தில்தான் மச்சினன் வந்தான். என் மனைவி ஈஸ்வரியின் தம்பி. பேர் செல்வம். பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் ஒரு பழக்கடை முதலாளிக்குக் கார் ஓட்டிவிட்டு ஊர் திரும்பி, உத்தமபாளையம் ரோட்டில் வாழை போட்டிருந்தான். இரண்டு வருடமாகக் காற்று, நோய், வியாபாரி சொன்ன விலை என்று அடிமேல் அடி. மறுபடி வெளிநாடு போய்விடலாமா என்று வீட்டில் பேச்சு வந்திருந்தது. அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மறுபடி போனால் அதுகள் வளர்வதைப் போனில்தான் பார்க்கவேண்டும்.

"மச்சான், எங்க பழைய முதலாளி குமுளிக்கு வைத்தியத்துக்கு வந்திருக்காக" என்றான். "நம்ம தோப்பப் பாக்க வர்றேன்னு சொல்லிட்டாக. அவுகளுக்கு அங்க ஏழெட்டுக் கடை. காயி புடிச்சுப்போச்சுன்னா இனிமே நம்ம வாழைதேன். நான் எங்கயும் போக வேண்டாம்."

"நல்லது மாப்ள" என்றேன்.

"ரோட்டு முக்குல ஒரு பேனர் வைக்கணும். பெருசா. மேல அரபில வரவேற்பு. அவுக எறங்குனதும் அவுக பாசையப் பாக்கணும் மச்சான். மனசு குளுந்துரணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஈஸ்வரி முந்திவிட்டாள். "அவுக எந்தப் பாசையும் அடிப்பாகடா. கம்ப்யூட்டர்ல இல்லாத பாசையா?"

இருபத்தைந்து வருடத்தில் அவள் தன் வீட்டார் முன்னால் என்னைப் பெருமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அந்த நேரத்தில் "எனக்கு அரபி தெரியாதே" என்று எந்தப் புருஷனாவது சொல்வானா? தலையை ஆட்டினேன். (ஆட்டின தலையை அன்றைக்கே வெட்டியிருக்கலாம்.)

செல்வத்துக்கு அரபி தண்ணீர் மாதிரி வரும், பேசுவதற்கு. படிக்க ஒரு எழுத்தும் வராது. கார் ஓட்டப் போனவனுக்குப் படிக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அங்கே இருந்த கூட்டாளி ஒருவன் மூலமாக முதலாளி பேரோடு வரவேற்பு வரியை வாட்ஸ்அப்பில் வாங்கி எனக்கு அனுப்பினான். போனில் பார்த்தேன். கையைக் கோத்துக்கொண்டு வளைந்து வளைந்து ஓடுகிற எழுத்து. அழகாகத்தான் இருந்தது. அதை அப்படியே எடுத்து என் சாப்ட்வேரில் போட்டேன்.

முதலில் எல்லாம் கட்டம். பதினேழு கட்டம். பயப்படவில்லை, தமிழில் பார்த்த கட்டம்தானே. எங்கேயோ தேடி அரபி ஃபான்ட், அதாவது எழுத்துரு, ஒன்றைப் பிடித்துப் போட்டேன். எழுத்து வந்தது. ஆனால் போனில் கைகோத்து நின்றவர்கள் இங்கே தனித்தனியாக நின்றார்கள், சொத்துப் பிரித்த மறுநாள் கல்யாண வீட்டுக்கு வந்த பங்காளிகள் மாதிரி. ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லை.

இன்னொரு சிக்கல். போனில் வலது கோடியில் ஒரு ஒற்றைக் குச்சி இருந்தது. என் கம்ப்யூட்டரில் அந்தக் குச்சி இடது கோடியில் நின்றது. அரபியை வலப்பக்கமிருந்து எழுதுவார்கள் என்று செல்வம் சொல்லியிருந்தான். அதாவது மொத்த வரியும் தலைகீழ் வரிசையில் நிற்கிறது.

இந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது மிகவும் சுலபம். என் கடைக்கு அடுத்த கடை தையல்கடை. அதன் உரிமையாளர் காதர் பாய் சின்ன வயதிலிருந்தே அரபி ஓதுகிறவர். எழுந்து பத்து அடி நடந்து, "பாய், இது சரியா இருக்கா பாருங்க" என்று கேட்டால் முடிந்தது.

எழுந்தேன். பத்து அடியும் நடந்தேன். பாய் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து, "என்ன தம்பி?" என்றார். என் மனைவி சொன்ன 'எந்தப் பாசையும் அடிப்பாக' அப்படியே காதில் ஒலித்தது.

"சட்டைப் பொத்தான் பிஞ்சிருச்சு பாய்."

"எங்கன?"

பொத்தான் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கையை முதுகுப்பக்கம் கொண்டுபோய் மணிக்கட்டுப் பட்டைப் பொத்தானை நானே பிய்த்து, அவர் கையில் கொடுத்தேன். தைத்துக் கொடுத்தார். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நன்றி சொல்லிவிட்டு வந்து மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் ஆம்புலன்ஸ் நினைவுக்கு வந்தது. வரி முழுக்க வரிசை மாறி நிற்கிறது, அவ்வளவுதானே? கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பிவிட்டால் வலது இடதாகும், இடது வலதாகும். அதற்கு சாப்ட்வேரில் ஒரே பொத்தான். அமுக்கினேன். குச்சி வலது கோடிக்குப் போய் நின்றது. போனில் இருந்தது போலவே! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. (குச்சியைத் திருப்பினாலும் குச்சிதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மற்ற எழுத்தெல்லாம் இடவலம் திரும்பிக் கிடந்ததை நான் கவனிக்கவே இல்லை. தெரியாத பாஷையில் திரும்பின எழுத்துக்கும் நேரான எழுத்துக்கும் என்ன வித்தியாசம்?)

மிச்சம் இருந்தது கைகோக்கிற வேலை. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்துகளை அடியில் ஒரு கோடு இணைப்பது போலத் தெரிந்தது. இந்திக்குத் தலையில் கோடு போடுகிறார்கள், அரபிக்குக் காலில் போடுவார்கள் போல என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நல்ல தடிமனாக ஒரு கோட்டை இழுத்துவிட்டேன். பங்காளிகள் எல்லோரும் ஒரே கொடியில் துணி மாதிரி வரிசையாக வந்துவிட்டார்கள். புள்ளிகளை மட்டும் சிவப்பாக்கினேன். அது என் சொந்தக் கற்பனை.

திருப்புகிற பொத்தானை அமுக்கும்போது வரியை மட்டும் பிடித்திருக்கிறேன் என்று நினைத்தேன். பேனரில் அதுவரை அடுக்கியிருந்த எல்லாவற்றையும் பிடித்திருந்தேன். கீழே கைகூப்பி நின்ற குடும்பத்துப் படங்களும் சேர்ந்தே திரும்பிவிட்டன. ஆட்களைத் திருப்பினால் ஆள் மாறிவிடுவதில்லை, அதனால் அதையும் கவனிக்கவில்லை. தமிழ் வரியைக் கடைசியில்தான் அடித்தேன். அது மட்டும் ஒழுங்காக இருந்தது.

செல்வத்துக்குப் போனில் அனுப்பினேன். "வளைவு வளைவா அதே மாதிரிதேன் இருக்கு மச்சான். சிவப்புப் புள்ளி சூப்பர்" என்றான். இரண்டு குருடர்கள் சேர்ந்து யானைக்கு நல்ல நிறம் என்று முடிவு செய்தோம்.

முதலாளி வருகிற நாள் காலையில் பேனரைக் கட்டினார்கள். ரோட்டிலிருந்து தோப்புக்குத் திரும்புகிற முக்கில், உத்தமபாளையம் பக்கம் பார்த்த மாதிரி, இரண்டு ஆள் உயர மூங்கிலில். அந்தப் பக்கமிருந்துதான் கார் வரும். குடும்பம் முழுக்க வந்து அண்ணாந்து பார்த்தது. என் மாமியார் ஆரத்தித் தட்டோடு வந்தார். நான் கொஞ்சம் தள்ளி, பாராட்டு வந்தால் வாங்கிக்கொள்ளும் தூரத்தில் நின்றேன்.

"ஏ ஈசுவரி, இங்கன வாடி" என்றார் மாமியார். "அந்தா நிக்கிறது ஆரு?"

"நீதேன் ஆத்தா. நல்லாத்தேன் இருக்க."

"நானா? நான் என்னைக்குடி இடது மூக்குல மூக்குத்தி போட்டேன்?"

எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். அப்புறம் மாமியாரின் மூக்கைப் பார்த்தார்கள். மறுபடி படத்தைப் பார்த்தார்கள். மாமியாருக்கு மூக்குத்தி வலது மூக்கில். படத்தில் இடது மூக்கில் மின்னியது. செல்வத்தின் கன்னத்து மச்சமும் ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குக் குடிபோயிருந்தது.

"உங்கப்பன் போட்ட மூக்குத்தி. நாப்பது வருசமா கழட்டல. உம்புருசன் ஒரே நாள்ல எடம் மாத்திப்பிட்டாரே" என்றார் மாமியார். என்னிடம் நேராகப் பேச மாட்டார். மரியாதை. திட்டுவது எல்லாம் மகள் வழியாகத்தான் வரும்.

"கம்ப்யூட்டர்ல அப்படித்தேன் வரும் ஆத்தா" என்று ஈஸ்வரி எனக்காகப் பேசினாள்.

"கம்ப்யூட்டருக்கு எம்மூக்கு மேல என்னடி கோவம்?"

இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதுதான் காதர் பாய் வண்டியில் அந்த வழியாக வந்தார். உத்தமபாளையத்தில் யார் வீட்டுக்கோ போய்விட்டுத் திரும்புகிறவர். பேனரைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார். கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"தம்பி, மேல இருக்கது என்ன பாசை?"

"அரபி, பாய்."

"அம்பது வருசமா ஓதுறேன். எனக்கு ஒரு எழுத்தும் பிடிபடலையே." வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு இறங்கி வந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். "யா அல்லா. எழுத்தெல்லாம் முதுகக் காட்டிட்டு நிக்குது. ஒண்ணோட ஒண்ணு சேரல. அடியில என்னாது தம்பி, கோடு?"

"சேரலன்னுதேன் பாய்... கோட்டப் போட்டுச் சேத்து வச்சேன்."

"சேத்து வைக்க இது என்ன பங்காளிச் சண்டையா? பக்கத்து எழுத்தப் பாத்து ஒவ்வொண்ணும் உருவம் மாறித் தானாச் சேரணும்ப்பா. கோடு போட்டாச் சேருமா?" என்னைப் பார்த்தார். அவர் பார்வை மெல்ல என் சட்டைக்குப் போய், மணிக்கட்டுப் பட்டையில் நின்றது. "தம்பி, அன்னைக்கு நீ பொத்தானுக்குத்தேன் வந்தியா?"

நான் அந்தக் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அவருக்கு அதுவே பதில்.

செல்வத்தின் முகம் வெளுத்துவிட்டது. "பாய், அவுகளக் கேவலப்படுத்துன மாதிரி இருக்குமா?"

"தப்பா ஒண்ணும் இல்ல. அர்த்தமே இல்ல. ஆனா ஒருத்தருக்கு வரவேற்பு எழுதி, அதத் திருப்பிப் போட்டுக் கோடும் அடிச்சா, அவுக என்ன நெனப்பாகன்னு நான் எப்படிச் சொல்ல?"

அதே நிமிடம் செல்வத்தின் போன் அடித்தது. கார் உத்தமபாளையத்தைத் தாண்டிவிட்டது.

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கே வரவில்லை. பேனரை இறக்குங்கள் என்று செல்வம் கத்தினான். கட்டியவர்கள் ஏணியோடு அடுத்த பேனர் கட்டப் போய்விட்டார்கள். மூங்கிலில் ஏறினால் மூங்கில் சாய்ந்தது. பேனரை மறைக்க, ஆரத்தி எடுக்கிற இடத்தில் கட்டுவதற்காகக் குலையோடு வெட்டி வைத்திருந்த இரண்டு வாழைமரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நிறுத்திப் பார்த்தால் மரம் படங்கள் வரைக்கும்தான் எட்டியது. மாமியாரின் மூக்கு மறைந்தது. அரபி மேலே கம்பீரமாக நின்றது.

"எம்மூக்கு மறைஞ்சிருச்சு, போதும்" என்றார் மாமியார். அவர் பிரச்சினை தீர்ந்துவிட்டது.

கார் வந்தது. குமுளி டிரைவர் ஓட்ட, முன் சீட்டில் முதலாளி. வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தாடி, நல்ல உயரம். முக்கிலேயே இறங்கிவிட்டார். செல்வத்தைக் கட்டிப்பிடித்தார். மாமியார் ஆரத்தி சுற்றினார். எல்லாம் முடிந்து நிமிர்ந்தவர், பேனரைப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார். தலையை இடப்பக்கம் சாய்த்தார். வலப்பக்கம் சாய்த்தார். நான் மெல்ல நகர்ந்து வாழைமரத்துக்குப் பின்னால் போனேன். செல்வத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். செல்வம் ஒரு நொடி விழித்தான். பிறகு ஏதோ சொன்னான். முதலாளி "ஓ" என்று தலையாட்டி, கையை நெஞ்சில் வைத்து, பேனரைப் பார்த்து லேசாகக் குனிந்தார்.

"என்னடா கேட்டாக?" என்றேன், அவன் பின்னால் போய்.

"இதான் உங்க தமிழான்னு கேட்டாக மச்சான்."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னுட்டேன்."

காதர் பாய் வானத்தைப் பார்த்தார். கீழே அசல் தமிழும் இருந்ததே என்று கேட்டேன். அதைத்தான் நாங்கள் வாழைமரம் வைத்து மறைத்துவிட்டோம்.

தோப்பைச் சுற்றினார்கள். முதலாளிக்கு வாழை தெரிந்திருந்தது. காயைத் தட்டிப் பார்த்தார், தாரைத் தூக்கிப் பார்த்தார், வாய்க்காலில் கைவைத்துத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். லோயர் கேம்ப்பில் இறங்குகிற பெரியாற்றுத் தண்ணீர் என்று செல்வம் மேற்கே கையைக் காட்டி விளக்கினான். வீட்டில் இலை போட்டுச் சாப்பாடு. இரண்டு முறை சோறு வாங்கினார். "சேட்டு நல்லாச் சாப்புடுறாக" என்று மாமியார் திருப்திப்பட்டார். (அவருக்கு வெளியூர்ப் பணக்காரர் எல்லோரும் சேட்டுதான்.) ஆனால் வாழையைப் பற்றி முதலாளி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பிடித்திருக்கிறது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. செல்வம் எச்சிலை விழுங்கிக்கொண்டே பரிமாறினான். அவன் பெண்டாட்டி கதவுக்குப் பின்னால் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சாப்பிடவில்லை. கூச்சத்தில், "எனக்கு ஆச்சு" என்று சொல்லிவிட்டேன். (பசி உயிர் போனது.)

சாயங்கால வெயில் இறங்கும்போது கிளம்பினார். எல்லோரும் முக்குவரை வந்து வழியனுப்பினோம். கைகொடுத்தார், முன் சீட்டில் ஏறினார், கார் உத்தமபாளையம் பக்கம் திரும்பி நகர்ந்தது. வாழையைப் பற்றிப் பேச்சே இல்லை. செல்வம் அப்படியே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

கார் நூறு அடி போயிருக்கும். பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. நின்றது. அப்புறம் மெல்லப் பின்பக்கமாகவே வந்தது.

ஏன் என்று எனக்கு மட்டும்தான் உடனே புரிந்தது. முப்பது வருடம் ஆம்புலன்ஸ் எழுதியவனுக்குப் புரியாதா? பேனர் அந்தப் பக்கம் பார்த்துத்தானே நிற்கிறது. முதலாளி வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். திரும்பி நின்ற எழுத்தெல்லாம் கண்ணாடிக்குள் நேராகிவிட்டது. என் வாழ்க்கையிலேயே கச்சிதமாக நடந்த வேலை அது ஒன்றுதான்.

முதலாளி இறங்கவில்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டி, பக்கக் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கூட்டிப் படித்தார். வரிசை மட்டும் அவர்கள் முறைக்கு மாறாக, இங்கிலீஷ் மாதிரி இடப்பக்கமிருந்து போனது என்று பாய் பிறகு சொன்னார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்து, கடைசியில் தன் பேர் வந்ததும் நிறுத்தினார். செல்வத்தைத் திரும்பிப் பார்த்தார். தமிழ் என்று சொன்னவனை.

செல்வம் எழுந்து நின்றான். பன்னிரண்டு வருடம் அந்த மனிதரிடம் ஒரு பொய்யும் சொல்லாதவன். நான் வாழைமரத்துக்குப் பின்னால் இன்னும் உள்ளே போனேன். பிறகு என்ன தோன்றியதோ, வெளியே வந்துவிட்டேன். காருக்கு முன்னால் போய் நின்று, நெஞ்சில் கைவைத்து, "நாந்தேன்" என்றேன். "எனக்குத் தெரியாது. எனக்கு அரபி தெரியாது." ஐம்பது வருடத்தில் முதல் தடவை. அதையும் தமிழில் சொன்னேன்.

செல்வம் அதை அவர் பாஷையில் சொன்னான். கோடு போட்டதையும், திருப்பியதையும், பொய் சொன்னதையும் சேர்த்துச் சொன்னான் போலிருக்கிறது, ரொம்ப நேரம் சொன்னான். முதலாளி கேட்டுக்கொண்டே வந்தவர், கோடு வந்த இடத்தில் தாடியைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு அந்தப் பெரிய மனிதர் காருக்குள் சரிந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே செல்வத்திடம் ஏதோ சொன்னார். ஜன்னல் மூடியது. கார் போய்விட்டது.

"என்னடா சொன்னாக?" ஈஸ்வரி, மாமியார், பாய், எல்லோரும் ஒரே குரலில்.

செல்வம் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. "காயி எனக்குப் புடிச்சிருக்கு, அனுப்பு. பெட்டி மேல எழுத்து மட்டும் நான் அங்கன இருந்து அனுப்புறேன். இவர எழுதச் சொல்லிராத. அப்படின்னாக."

செல்வம் இப்போதும் ஊரில்தான் இருக்கிறான். பெரியவள் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் என் கடை வழியாகத்தான் போகிறாள். போகும்போது, "மாமா, கோடு!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவாள். வீட்டில் யாருக்காவது சண்டை வந்து நான் சமாதானம் பேசப் போனால், "நீங்க கோடு போட்டுச் சேத்துறாதீக" என்று ஈஸ்வரி என்னை உட்காரவைத்துவிடுவாள். கம்ப்யூட்டரில் புது சாப்ட்வேர் போட்டுவிட்டேன். அதில் அரபி தானாகவே கைகோத்துக்கொள்கிறது, தமிழுக்குக் கொம்பும் இடம் மாறுவதில்லை. இருந்தாலும் சந்தேகம் வந்தால் காதர் பாயிடம் போகிறேன். போய் நின்றால் அவர் மெஷினை நிறுத்திவிட்டு, முதலில் என் சட்டையைத்தான் பார்ப்பார். "பொத்தான் எல்லாம் இருக்கா தம்பி? சரி, இப்பக் கேளு."

அந்த பேனர் மாமியார் வீட்டில் விறகை மூடிக் கிடக்கிறது. வருகிறவர்கள் யாராவது அதைப் பார்த்து, "என்னத்தா, மூக்குத்தி எடம் மாறியிருக்கு?" என்று கேட்டால் அவர் பேசாமல் வீட்டுக்குள் போய் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து அவர்கள் கையில் கொடுப்பார்.

"இதுல பாருங்க. சரியாத்தேன் இருக்கும். எம்மருமகன் செய்யிற வேல எல்லாம் அப்படித்தேன், கண்ணாடியில பாக்கணும்."